இரைச்சல் என்று நீக்கப்பட்டவை

"குணவரைக்கு நான் சொன்ன பதிலையெல்லாம் நான் கேக்கோணும் மேடம்."

சாருலதா மேடம் வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல உக்காருங்க ஜீவிதா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிச்சுட்டுத்தானுங்க வந்தேன்."

"பையையும் மாட்டிட்டு வந்திருக்கீங்க?"

"ஆமாங்க."

வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். லீவு கேட்கலாம். சம்பளம் கூட்டிக் கேட்கலாம். பக்கத்து நாற்காலிக்காரன் தூங்கி வழிகிறான், இடத்தை மாற்றிக் கொடு என்று கேட்கலாம். குணவரைக்குச் சொன்ன பதில்களை மட்டும் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்கிற உரிமை சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. ஆனால் கேட்டவருடைய குணவரை அன்றைக்கே 'ஐயத்துக்குரியது' என்று நிறுத்திவைக்கப்படும். தன்மேலேயே சந்தேகம் இருக்கிறவளை நம்பி எந்தக் கம்பெனி நாற்காலி போடும்?

பிளஸ் டூ முடித்த எல்லோருக்கும் அந்தக் காலத்தில் ஒரு போன் வரும். தன்னறி என்று பெயர். இனிமையான பெண் குரல். ஆனால் பெண் கிடையாது, இயந்திரம். ஒரு மாதம் போல தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, உனக்கு எதைக் கண்டால் பயம், எப்போது அழுதாய், ஏமாற்றியவனை என்ன செய்வாய் என்று தோழி மாதிரி பேச்சுக் கொடுக்கும். முடிவில் நீ யார் என்று ஒரு வரைபடம் போட்டுத் தரும். அதுதான் குணவரை. நம் பிள்ளைகள் தங்களைத் தாங்களே தெரிந்துகொள்ளட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார்கள். பிறகு கல்லூரிக்காரர்கள் அதைக் கேட்டார்கள். பிறகு கம்பெனிக்காரர்கள். கடைசியில், உன்னைப் பற்றி நீ சொல்வதைவிட அது சொல்வதுதான் செல்லும் என்று ஆனது.

ஜீவிதாவின் வரையில் பொறுமை உச்சத்தில் இருந்தது. சகிப்பு, நிதானம், மன்னிக்கும் குணம் எல்லாம் அதை ஒட்டியே. கல்லூரி முடித்த கையோடு கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி அவளை அள்ளிக்கொண்டது. பிரிவின் பெயர் ஆறுதல் பிரிவு. நோயாளிக்குப் பணம் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது இயந்திரம். ஆனால் இல்லை என்கிற சேதியை மனித வாய்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த வாய்தான் ஜீவிதா.

நாலு வருடமாக அவளுக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே உடம்பு எரியும். "உங்கள் மனநிலை எங்களுக்குப் புரிகிறது" என்று திரையைப் பார்த்து வாசிக்கும்போது திரையை உடைக்கத் தோன்றும். தோன்றிய நொடியில் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை அதிரும். காதுக்குள் ஒரு குரல் மெதுவாகச் சொல்லும்: "இது உங்கள் இயல்பு அல்ல. உங்கள் இயல்புக்குத் திரும்புங்கள்."

பக்கத்து நாற்காலி பெனட் இதை வைத்தே அவளை ஓட்டுவான். "கோவிச்சுக்காத ஜீவி. உனக்குக் கோபமே கிடையாது. இப்போ நீ முறைக்கிறதுகூட வேற யாரோ முறைக்கிறது."

சிரிப்பாகத்தான் இருந்தது முதலில். போகப் போக அவள் நம்ப ஆரம்பித்தாள். கோபம் வரும்போதெல்லாம், நம் வீட்டுக்குள் யாரோ திருடன் புகுந்துவிட்டான் என்கிற மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி. தன்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

"திங்கட்கிழமை நடந்ததுக்காகத்தானே வந்திருக்கீங்க?" என்றார் சாருலதா மேடம்.

திங்கட்கிழமை பவானியிலிருந்து ஓர் அம்மா பேசியது. பொன்னாத்தா என்று பெயர். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறவர். சிறுநீரக அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே தகவல் சொல்லவில்லை என்று இயந்திரம் நாலு வரியில் பணத்தை மறுத்திருந்தது. ஜீவிதா வாசித்து முடித்தாள். அந்த அம்மா திட்டும், அழும் என்று காத்திருந்தாள். அது திட்டவில்லை. "உன்னச் சொல்லி என்ன கண்ணு பண்றது. பாவம், நாள் பூரா இதையேதான சொல்லீட்டு உக்காந்திருப்ப. நீ சாப்பிட்டயா?" என்று கேட்டது.

ஜீவிதாவுக்கு அந்த நாலு வரியின் மேல் கோபம் பொங்கியது. பட்டை அதிர்ந்தது. இது உங்கள் இயல்பு அல்ல என்றது. ஜீவிதா அந்த அம்மாவிடம், இதற்கு மேல்முறையீடு உண்டு, அவசரச் சிகிச்சைக்குத் தாமதத்தை மன்னிக்கும் விதி உண்டு என்று சொன்னாள். வாடிக்கையாளர் தானாகக் கேட்டால் ஒழிய அதைச் சொல்லக் கூடாது என்பது ஆறுதல் பிரிவின் விதி. போதாததற்குத் தன் சொந்த நம்பரையும் கொடுத்தாள்.

"அதை நான் பெருசு பண்ணலை," என்றார் மேடம். "உங்க வரைக்குப் பொருந்தாத ஒரு நிமிஷம்னு எழுதி முடிச்சுட்டேன். மாசக் கடைசியில நீங்க நிரந்தரம். இந்த நேரத்துல போய் இதைக் கேக்கறீங்களே?"

"நாலு வருசமா இந்தப் பட்டை இது நீ இல்ல, இது நீ இல்லன்னே சொல்லுதுங்க. அப்ப நான் யாருன்னு ஒரு தடவ பாத்துக்கறனே."

சாருலதா மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஜீவிதாவுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"நான் இதைப் பதிவு பண்ணப் போறதில்லை. நீங்க கேக்கவும் இல்லை, நான் காட்டவும் இல்லை. சரியா?"

"சரிங்க."

"குரல் உங்களோடதா இருக்காது. குரலைச் சேமிக்கக் கூடாதுன்னு அப்போ சட்டம். சொன்னதை எழுத்தாக்கிட்டுக் குரலை அழிச்சிருவாங்க. இயந்திரம்தான் வாசிக்கும்."

வாசித்தது. செய்தி வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"கேள்வி. கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? பதில். அது வருமுங்க. வந்துட்டுப் போயிரும். ஊட்டுக்கு ஒறம்பரை வந்தாப்பல நெனச்சுக்கோணும். வான்னும் சொல்லப்படாது, போன்னும் சொல்லப்படாது. கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டு அதுவே சலிச்சு எந்திரிச்சுப் போயிரும்."

"எவ்வளவு அழகு," என்றார் மேடம். "ஒறம்பரைன்னா விருந்தாளிதானே? உங்க பேரைச் சொல்லாம பயிற்சி வகுப்புல இதைத்தான் நான் உதாரணமா சொல்றேன். பதினெட்டு வயசுல எப்படி இப்படித் தோணுச்சு?"

ஒறம்பரை என்கிற வார்த்தையை ஜீவிதா பல வருடமாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்கள் என்று ஆறாம் வகுப்பிலேயே விட்ட வார்த்தை.

"அடுத்ததுங்க."

"கேள்வி. காத்திருப்பது உங்களுக்குக் கடினமா? பதில். சாயம் ஏற அதுக்குன்னு ஒரு நேரமிருக்குது. அவசரப்பட்டா திட்டுத் திட்டா நின்னுக்கும். துணிகிட்டக் கோவிச்சு என்ன பண்றது."

அவள் தலை நிமிர்ந்தது. அவிநாசிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் அவளுடைய அப்பா சென்னியப்பன் முப்பது வருடமாக வேலை பார்க்கிறார். ஜீவிதா அதன் கேட்டைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது, அப்பா விட்டதில்லை.

"இன்னொண்ணு போடுங்க."

"கேள்வி. இந்த உலகத்தில் உங்களுக்கு மிகவும் வேண்டியவரைப் பற்றிச் சொல்லுங்கள். பதில். ஊட்ல ஒரு புள்ள இருக்குதுங்க. தொட்டதுக்கெல்லாம் சண்டைக்கு நிக்கும். ரேசன் கடைக்காரன், பஸ்காரன், எங்க மொதலாளி, ஒருத்தரையும் உடாது. எனக்குப் பயமாத்தான் இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள ஒரு தெம்பு. நான் கேக்காம உட்டதையெல்லாம் அது கேக்குதுன்னு. அதுகிட்ட இதச் சொன்னதில்லீங்க. சொன்னா என்னையும் சண்டைக்கு இழுத்துட்டுப் போயிரும்."

இயந்திரம் நிறுத்தியது. சாருலதா மேடம் புன்னகையோடு, "தங்கச்சி மேல அவ்வளவு பாசமா? 'இளைய சகோதரி மீது பற்று'ன்னு வரையில குறிச்சிருக்கு," என்றார்.

"எனக்குத் தங்கச்சி இல்லீங்க."

"அப்போ?"

"அந்தப் புள்ள நாந்தானுங்க. இது எங்கப்பா பேசுனது."

மேடத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவர் வீட்டில் ஆளுக்கு ஒரு போன், இன்னொருவர் போனைத் தொட மாட்டார்கள். ஜீவிதாதான் விளக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் அவர்கள் லைன் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். கல்லூரியில் சேரக் காசு வேண்டும் என்று ஜீவிதா பனியன் கம்பெனியில் தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முக்கால்வாசி நாள் சாயங்காலம் அவள் வீட்டில் இல்லை.

"இல்லைன்னு சொல்லியிருந்தா மறுநாள் கூப்பிடுமே?"

"இல்லைன்னே எங்க ஊட்ல யாரும் சொல்ல மாட்டாங்க. ஆபீஸ்லருந்து போன் வந்தா, ஆள் இல்லைன்னு சொல்லிட்டா காரியம் கெட்டுப்போயிரும், மறுபடி கூப்பிடவே மாட்டாங்கன்னு பயம். போன் யாருக்கு வந்தாலும் சரி, கைக்குப் பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்கதான் அந்த ஆளு. பேங்குக்காரங்க கேட்டா எங்கம்மா 'ஆமாங்க, சென்னியப்பன்தான் பேசறேன்'னு சொல்லும். பத்து வயசுல நான் எங்கம்மா பேரை, ருக்குமணின்னு சொல்லி கேஸ் சிலிண்டர் வாங்கியிருக்கேன்."

தன்னறியைச் செய்தவர்கள் எத்தனையோ தில்லுமுல்லுகளை எதிர்பார்த்து எத்தனையோ பூட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு வீடே சேர்ந்து ஒரு பிள்ளையாக இருக்கும் என்பதை மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

மேடம் இன்னும் கீழே தள்ளிப் பார்த்தார். ஓர் இடத்தில், "என்ன கேக்கறதுன்னாலும் வெரசாக் கேளு, அடுப்புல கொழம்பு கொதிக்குது" என்று இயந்திரம் அதே நிதானத்தோடு வாசித்தது. ஜீவிதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அது அம்மா ருக்குமணி. வரையில் அந்த நாளுக்கு எதிரே, 'காரியத்தில் கவனம் மிக்கவர்' என்று இருந்தது.

"இதுல நான் எங்கீங்க இருக்கேன்?"

"கடைசியில ஒரு பகுதி இருக்கு." மேடம் தயங்கினார். "மத்த பதில்களோட பொருந்தாம இருந்தா இயந்திரம் அதைக் கணக்குல எடுத்துக்காது. இரைச்சல்னு நீக்கிடும். உங்க விஷயத்துல மூணு பதில் நீக்கியிருக்கு."

"வாசிக்கச் சொல்லுங்க."

இயந்திரம் மூன்றையும் ஒவ்வொன்றாக வாசித்தது.

"இதே கேள்விய நேத்து வேற மாதிரிக் கேட்டீங்க. நான் பொய் சொல்றனான்னு பாக்கறீங்களா?"

"கோபமா? வரும். வரவேண்டிய எடத்துல கட்டாயம் வரும்."

"இதையெல்லாம் தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க, அப்பறம் நான் சொல்றேன்."

சாருலதா மேடம் அவளை நேராகப் பார்க்கவில்லை. ஜீவிதாவுக்கு அழுகை வரும் என்று அவர் பயந்திருக்க வேண்டும், காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். ஜீவிதாவுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குள் திருடன் யாரும் புகவில்லை. வீட்டுக்காரியைத்தான் வெளியே நிற்க வைத்திருந்திருக்கிறார்கள்.

"ஒரு போன் பண்ணிக்கறனுங்க," என்று அங்கேயே உட்கார்ந்தபடி வீட்டுக்குக் கூப்பிட்டாள். அன்றைக்குப் பட்டறைக்கு விடுமுறை. அப்பா வீட்டில்தான் இருப்பார். எடுத்தது அம்மா.

"அப்பாகிட்டக் குடும்மா."

"எங்கிட்டயே சொல்லு. நாந்தான் அப்பான்னு வெச்சுக்க."

"அம்மா, குடுன்னா குடு."

"ஏனுங், உங்க மக ஆபீஸ்ல உக்காந்துட்டு எங்கிட்டயே சண்டைக்கு வாறா, என்னன்னு கேளுங்."

அப்பா வந்தார். எப்போதும் போல, "சொல்லு கண்ணு" என்று ஒரு வார்த்தை. அதோடு நிறுத்திவிடுவார். அவரோடு போனில் பேசுவது கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி என்று அவள் நினைத்துக்கொள்வது வழக்கம்.

"அப்பா, நான் பிளஸ் டூ முடிச்ச வருசம் தெனமும் சாயங்காலம் ஒரு போன் வருமே. கேள்வி கேட்டுட்டே இருக்கும். ஞாபகமிருக்குங்களா?"

அப்பாவின் குரல் மாறியது. அவள் கேட்டிராத ஓர் உற்சாகம்.

"அந்தப் புள்ளையா? ஞாபகமில்லாம என்ன கண்ணு. தங்கமாப் பேசும். எதைச் சொன்னாலும் குறுக்க பேசாம கேக்கும். உம் பேரச் சொல்லித்தான் கூப்பிடும், நானும் சரின்னு உட்டுட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பறம் கூப்பிடவே இல்லியே. நான் எதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?"

வேலை விட்டுக் களைத்து வந்த சாயங்காலங்களில், மாடிப்படியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்பா தனக்குத்தானே சிரிப்பதை ஜீவிதா பார்த்திருக்கிறாள். பட்டறை சேக்காளி யாரோ என்று நினைத்து, உடம்பு வலி எரிச்சலில், 'எந்நேரமும் போனு' என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். அந்த மனிதரிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவளும்தான் கேட்டதில்லை.

"தப்பா ஒண்ணுஞ் சொல்லலீங்கப்பா. நீங்க சொன்னதையெல்லாம் இங்க வகுப்புல பாடமா நடத்தறாங்களாம்."

"ஆருகிட்ட?"

"எல்லார்த்துகிட்டயும். அப்பா, நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்க. பவானி வரைக்கும் போகோணும். அங்க ஒரு அம்மா இருக்காங்க, ஊட்டுக்காரருக்கு உடம்பு முடியல. அவங்களுக்கு நான் மேல எழுதிக் குடுக்கோணும், அங்க இங்க போயிக் கத்தோணும். அதுவரைக்கும் அவங்க பக்கத்துல உக்காந்து பேச ஒரு ஆளு வேணும். எனக்கு அது வராது. உங்களுக்கு வரும்."

"எனக்கா?" அப்பா யோசித்தார். "அவிங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

"சொல்ல வேண்டாங்க. அந்தப் புள்ள மாதிரி குறுக்க பேசாம கேளுங்க, போதும். ராத்திரிச் சோத்துக்கு வந்துருவேன்."

போனை வைத்தாள். சாருலதா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்போ என்ன பண்ணலாம்னு சொல்லுங்க," என்றார். "நான் எதையும் பதிவு பண்ணலை. இப்படியே விட்டுட்டா யாருக்கும் தெரியாது. மாசக் கடைசியில நிரந்தரம் ஆயிடும். இல்லை, உண்மையான வரை வேணும்னா மறுசோதனைக்கு எழுதறேன். ஆனா அது வர்ற வரைக்கும் வேலை கிடையாது. வந்த பிறகு..."

"வந்த பொறகு எனக்கு இந்த நாற்காலி பொருந்தாதுன்னு சொல்லும். அது எனக்கே தெரியுமுங்க. மறுசோதனை வேண்டாம். என்ன கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். ஆனா பதிவு பண்ணிக்கோங்க."

"ஜீவிதா, பதிவு பண்ணினா வரை நின்னுடும். அந்தப் பதிவைத் திரும்ப எடுக்கவே முடியாது."

"பதிவு பண்ணுனாத்தான பதில்களோட நகல் எங் கைக்கு வரும்? அது எங்கப்பா பேசுனது. அவர் ஒரு மாசம் மனசு விட்டுப் பேசுனது உங்க பெட்டிக்குள்ள எம் பேர்ல கெடக்குது. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

மேடம் அவளுடைய மணிக்கட்டை அப்போதுதான் பார்த்தார். பட்டை இல்லை. பட்டை கட்டியிருந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"உள்ள வரும்போதே கழட்டிட்டீங்களா?"

"பெனட்டுகிட்டக் குடுத்துட்டு வந்தேன். டிபன் பாக்ஸைக்கூடக் கழுவி எடுத்துட்டேன். பொன்னாத்தாக்காகிட்ட நாளைக்கு வர்றேன்னு காலையிலயே சொல்லியாச்சு."

"அப்போ முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க. அப்புறம் எதுக்கு இதைக் கேட்டீங்க?"

"போறது யாருன்னு தெரிஞ்சுட்டுப் போலாம்னுதான்."

சாருலதா மேடம் பதிவு செய்தார். நகல் ஜீவிதாவின் போனுக்கு வந்து சேர்ந்தது. அவள் எழுந்து கதவுப் பக்கம் போனபோது மேடம் தயங்கிக் கேட்டார்.

"அந்த ஒறம்பரை பதில்... அதை நான் வகுப்புல தொடர்ந்து சொல்லலாமா?"

"சொல்லுங்க. ஆனா பேரையும் சேத்துச் சொல்லுங்க. அவிநாசி சென்னியப்பன்."

தளத்தைக் கடந்து போகையில் பெனட் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான். அவன் மேசையில் கிடந்த பட்டை, கட்ட ஆள் இல்லாமல், ஒரு நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்தது. "யாருன்னு தெரிஞ்சுதா ஜீவி?" என்றான்.

"எங்கப்பான்னு தெரிஞ்சுது."

அவன் புரியாமல் விழித்தான். சாவகாசமாக ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நடந்தாள். வாசல் கதவு பட்டையைக் காட்டினால்தான் திறக்கும். கண்ணாடியைக் கையால் தட்டினாள். காவலாளி, பட்டை எங்கே என்று சைகையில் கேட்டார். ஜீவிதா வெறும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, மறுபடியும் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. அவர் திறந்துவிட்டார்.

வெளியே நல்ல வெயில். பொன்னாத்தாக்காவுக்கு மறுத்து எழுதிய அந்த நாலு வரி ஞாபகம் வந்தது. பழைய எரிச்சல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. அதிர ஒன்றும் இல்லை, திரும்பிப் போ என்று காதுக்குள் சொல்ல யாரும் இல்லை. அப்பாவாக இருந்தால் அதை வா என்றும் சொல்லியிருக்க மாட்டார், போ என்றும் சொல்லியிருக்க மாட்டார்.

ஜீவிதா வா என்றாள். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.